கருவின் கிரேடு சீட்டைப் படிப்பது எப்படி: முட்டை எடுத்த நாள் முதல் கடைசி உறைகரு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

செயற்கைக் கருத்தரிப்பு (ஐவிஎஃப்) சிகிச்சையில் பெண்ணிடமிருந்து முட்டை எடுத்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மையத்திலிருந்து போன் வரும். "மூன்று கரு வந்திருக்கிறது. ஒன்று 4ஏஏ, ஒன்று 3பிபி, ஒன்று 3பிசி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். தாராபுரத்திலோ கோபியிலோ அந்தப் போனை எடுத்த பெண்ணுக்கு அன்று இரவு தூக்கம் வராது. ஏ என்றால் ஜெயித்த கரு, சி என்றால் தோற்ற கரு என்று வீட்டில் ஆளுக்கொரு கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள்.

கோவையில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் கருக்களை வளர்த்துக் கவனிக்கும் எம்பிரியாலஜிஸ்டாக வேலை செய்கிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்த எழுத்துகளை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. "எங்கள் கரு நல்ல கருதானுங்களா?" என்று கேட்டபடி கதவருகே நிற்கிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கையில் இருக்கும் கருக்களில் எதை முதலில் கர்ப்பப்பையில் வைப்பது, எவற்றை உறைய வைப்பது என்று முடிவெடுப்பதற்காகவே கிரேடு எழுதுகிறோம். பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரியும் இல்லை. இனி வரும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முட்டை எடுக்கும் நாளை ஆய்வகத்தில் பூஜ்ஜியம் என்று எண்ணுவோம். அதனால் "மூன்றாம் நாள் கரு" என்றால் முட்டை எடுத்த நாளுக்கு மூன்று நாள் கழித்து என்று பொருள். திங்கட்கிழமை எடுத்தால் வியாழன் மூன்றாம் நாள், சனி ஐந்தாம் நாள். இந்தக் கணக்கு புரியாமல் ஒரு நாள் முன்பே கிளம்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு.

எடுத்த முட்டைகள் எல்லாமே முதிர்ந்திருப்பதில்லை. முதிர்ந்தவற்றில்தான் விந்தணு சேர்க்க முடியும். சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றையும் பார்ப்போம். உள்ளே இரண்டு சிறு வட்டங்கள் தெரிந்தால், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்து சேர்ந்திருக்கின்றன, முறையாகக் கருவுற்றிருக்கிறது. மூன்று வட்டங்கள் தெரிந்தால் அதைப் பயன்படுத்துவதில்லை.

பத்து முட்டை எடுத்தால் ஏறத்தாழ எட்டு முதிர்ந்திருக்கும். அவற்றில் ஐந்தோ ஆறோ கருவுறும். ஐந்தாம் நாள் வரை வளர்ந்து வருவது இரண்டு மூன்றுதான். இது பொதுவான கணக்கு. பெண்ணின் வயது, முட்டையின் தரம், விந்தணுவின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஏறும், இறங்கும். "பத்து முட்டை எடுத்துவிட்டு இரண்டுதான் மிஞ்சியதா, மற்றதை என்ன செய்தார்கள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் சந்தேகத்தோடு கேட்பதுண்டு. யாரும் எதையும் செய்துவிடவில்லை. இயற்கையான கர்ப்பத்திலும் ஏராளமான கருக்கள் வெளியே தெரியாமலேயே பாதியில் நின்றுவிடுகின்றன. ஆய்வகத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கை முட்டை எடுப்பதற்கு முன்பே மாமியாரிடமும் அம்மாவிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு சொன்னால் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

இரண்டாம் படி: மூன்றாம் நாள் சீட்டைப் படியுங்கள்

மூன்றாம் நாள், அதாவது சுமார் 68 மணி நேரத்தில், கருவில் எட்டு செல்கள் இருப்பதை எதிர்பார்ப்போம். அதற்கு முந்தைய நாள் நான்கு. ஏழோ ஒன்பதோ இருந்தால் பதற வேண்டியதில்லை. நான்கிலேயே நிற்கிறது என்றால் வேகம் குறைவு என்று பொருள்.

எண்ணிக்கையோடு இன்னும் இரண்டைப் பார்ப்போம். செல்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பது ஒன்று. செல் பிரியும்போது உதிர்கிற சிறு துணுக்குகள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்பது மற்றொன்று. கருக்களை மதிப்பிடச் சர்வதேச நிபுணர்கள் வகுத்து 2011-இல் வெளியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி துணுக்குகள் 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் லேசானது, 10 முதல் 25 வரை நடுத்தரம், 25-க்கு மேல் அதிகம். எல்லாவற்றையும் சேர்த்து 1, 2, 3 என்று கிரேடு எழுதுவோம். இங்கே 1 என்பதுதான் சிறந்தது. "8 செல், கிரேடு 1" என்று சீட்டில் இருந்தால் மகிழ்ச்சியாக இருக்கலாம். "7 செல், கிரேடு 2" என்றிருந்தாலும் அது ஐந்தாம் நாள் வரை நன்றாக வளர்வதை அடிக்கடி பார்க்கிறோம்.

இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் கரு பெரும்பாலும் முட்டைக்குள் தாய் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே ஓடுகிறது. நான்கு செல்லிலிருந்து எட்டு செல் ஆகும் வாக்கில்தான் அதன் சொந்த மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. தந்தையிடமிருந்து வந்த பங்கும் அப்போதுதான் முழுமையாக வெளிப்படும். மூன்றாம் நாள் வரை அழகாக இருந்த கருக்கள் அதன் பிறகு வரிசையாக நின்றுபோனால், முட்டையோடு சேர்த்து விந்தணுவையும் ஆராய வேண்டும். நம் பக்கத்தில் கரு நின்றது என்றவுடன் மருமகளின் உடம்பில்தான் குறை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. கணவரும் பரிசோதனைக்கு வந்து உட்காரத்தான் வேண்டும்.

நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல் திரளும். எண்ணவும் முடியாது, பெரிதாகக் கிரேடு போடவும் முடியாது. பெரும்பாலான மையங்கள் அன்று எதுவும் சொல்வதில்லை. போன் வரவில்லையே என்று அன்றைக்குக் கவலைப்படாதீர்கள்.

மூன்றாம் படி: ஐந்தாம் நாள் குறியீட்டைப் பிரித்துப் படியுங்கள்

ஐந்தாம் நாள் கருவைப் பிளாஸ்டோசிஸ்ட் என்கிறோம். நூறு செல்களுக்கு மேல் இருக்கும், நடுவில் திரவம் நிறைந்த வெற்றிடம் இருக்கும். இதற்கு உலகின் பெரும்பாலான மையங்கள் கார்ட்னர் முறையைப் பின்பற்றுகின்றன. 1999-இல் இருந்து புழக்கத்தில் இருக்கும் இந்த முறையில் ஓர் எண், இரண்டு எழுத்துகள். மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். 4ஏபி என்பதை ஒரே மதிப்பெண்ணாகப் படிக்கக் கூடாது. நாலு, ஏ, பி என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

எண் கருவின் விரிவைச் சொல்கிறது. 1 என்றால் வெற்றிடம் பாதிக்கும் குறைவு. 2 என்றால் பாதியோ அதற்கு மேலோ. 3 என்றால் கரு முழுவதும் நிறைந்துவிட்டது. 4 என்றால் கரு பெரிதாகி வெளி உறை மெலிந்துவிட்டது. 5 என்றால் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரத் தொடங்கியிருக்கிறது. 6 என்றால் முழுதாக வெளியே வந்துவிட்டது. இந்த எண் தரத்தை அல்ல, வளர்ச்சி எங்கே போயிருக்கிறது என்பதையே காட்டுகிறது. காலையில் 3 என்று எழுதிய கரு மாலையில் 4 ஆகிவிடும். சில நேரம் கரு தானாகவே சுருங்கி, சில மணி நேரத்தில் மறுபடி விரியும். சுருங்கியிருக்கும்போது பார்த்தால் எண் குறைந்து தெரியும். ஆகவே 3-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்து அழ வேண்டியதில்லை. 1, 2 என்றிருந்தால் எழுத்துகளே எழுத மாட்டோம், ஆறாம் நாள் வரை காத்திருந்து பார்ப்போம்.

முதல் எழுத்து உள்ளே இருக்கும் செல் கூட்டத்தைக் குறிக்கிறது. இதிலிருந்துதான் குழந்தை உருவாகிறது. நெருக்கமாக நிறைய செல்கள் இருந்தால் ஏ, கொஞ்சம் தளர்ந்து சில செல்கள் இருந்தால் பி, மிகச் சில செல்களே தெரிந்தால் சி.

இரண்டாம் எழுத்து வெளிச்சுவர்ச் செல்களைக் குறிக்கிறது. இவை பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறும். நிறைய செல்கள் ஒழுங்காகக் கோத்து நின்றால் ஏ, குறைவாகவும் தளர்வாகவும் இருந்தால் பி, பெரிய செல்கள் சிலவே நீண்டு கிடந்தால் சி. குழந்தையாக ஆகப்போவது உள்ளே இருப்பதுதானே, அந்த எழுத்துதானே முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கர்ப்பப்பையின் சுவரைத் தொட்டு ஒட்டிக்கொள்வது வெளிச்சுவர். கரு ஒட்டுவதற்கும் இந்த இரண்டாம் எழுத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கும் ஒரு கருவைத் தேர்ந்தெடுக்கும்போது கண் முதலில் அங்கேதான் போகிறது.

இனி தொடக்கத்தில் சொன்ன போனுக்கு வருவோம். 4ஏஏ முதலில் வைக்கப்படும். 3பிபி நல்ல கரு. பி என்ற எழுத்தைப் பார்த்து முகம் வாடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆய்வகங்களில் நாள்தோறும் உறைய வைக்கப்படும் கருக்களில் பெரும்பங்கு பிபி வகைதான், அவற்றிலிருந்து குழந்தைகள் பிறந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 3பிசிக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. இரண்டும் சி என்றால் சில மையங்கள் உறைய வைப்பதில்லை. உறைய வைத்து உருக்கும்போது தாங்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். உங்கள் மையத்தின் வழக்கம் என்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் ஆனவற்றையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே கிரேடில் ஐந்தாம் நாள் கருவுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவே.

நான்காம் படி: உங்கள் மையம் எந்த முறையில் எழுதுகிறது என்று கேளுங்கள்

ஈரோட்டில் ஒரு சுற்று, கோவையில் மறு சுற்று என்று சிகிச்சை பெறுகிறவர்கள் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது பல நேரங்களில் பொருந்தாது. இஸ்தான்புல் முறையில் உள் செல் கூட்டத்துக்கும் வெளிச்சுவருக்கும் எழுத்துக்குப் பதில் 1, 2, 3 என்று எண்களே வரும், அதில் 1 சிறந்தது. ஆனால் விரிவின் எண் ஏறினால் முன்னேற்றம். ஒரே சீட்டில் ஓர் எண் ஏறினால் நல்லது, மற்றது இறங்கினால் நல்லது என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? "எந்த முறையில் எழுதியிருக்கிறீர்கள், எது மேல், எது கீழ்?" என்று கேட்டு அதைச் சீட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கிரேடு மனிதக் கண்ணால் போடப்படுவது. ஒரே கருவை இரண்டு எம்பிரியாலஜிஸ்டுகள் பார்த்தால் ஒருவர் பி என்றும் மற்றவர் சி என்றும் எழுதுவது நடக்கும். ஏ ஒன்றை இருவரும் ஏ என்றே பெரும்பாலும் எழுதுவார்கள், எல்லையில் நிற்பவற்றில்தான் கருத்து மாறும்.

கேட்பதற்குத் தயங்காதீர்கள். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பு, நன்மை தீமை, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கும் பொறுப்பை மையத்தின் மேல் வைத்திருக்கிறது. செய்த சிகிச்சையின் விவரங்களுடன் டிஸ்சார்ஜ் சான்றிதழ் தர வேண்டும், குறைகேட்புப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு கருவின் நாள், கிரேடு, உறைய வைத்த தேதி ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். போனில் கேட்டதை நினைவிலிருந்து சொன்னால் அடுத்த டாக்டருக்கு உதவாது.

ஐந்தாம் படி: கிரேடு சொல்லாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து விலை சொல்வார்கள். உள்ளே குர்குமின் என்ற சத்து எவ்வளவு என்பது ஆய்வகத்துக்குப் போனால்தான் தெரியும். கருவும் அப்படித்தான். நாங்கள் எழுதுவது தோற்றத்தை. உள்ளே குரோமோசோம்கள் சரியான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்பது மைக்ராஸ்கோப்பில் தெரியாது. 4ஏஏ கருவில் குரோமோசோம் கோளாறு இருக்கலாம், 3பிசி சரியாக இருக்கலாம். பெண்ணின் வயது ஏற ஏற, குறிப்பாக 35-க்குப் பிறகு, கோளாறுள்ள கருக்களின் பங்கு கூடுகிறது. அதனால்தான் 28 வயதுப் பெண்ணின் பிபி கருவுக்கு 41 வயதுப் பெண்ணின் ஏஏ கருவைவிட வாய்ப்பு அதிகமாக இருக்கக்கூடும். சீட்டைப் படிக்கும்போது வயதையும் பக்கத்தில் எழுதிவைத்துப் படிக்க வேண்டும்.

குரோமோசோமைப் பார்க்க பிஜிடி-ஏ என்ற சோதனை இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் நாளில் வெளிச்சுவரிலிருந்து சில செல்களை எடுத்து அனுப்புவார்கள், முடிவு வரும் வரை கரு உறைநிலையில் இருக்கும். எல்லோருக்கும் இது தேவை என்று நான் நினைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, வயது கூடுதல் போன்ற காரணங்கள் இருந்தால் டாக்டரிடம் பேசிப் பாருங்கள். கையில் ஒன்றிரண்டு கருக்களே இருக்கும் இளவயதினர் இதற்குப் பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். சோதனை கருவைத் திருத்துவதில்லை.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், குடும்பத்தில் தலசீமியா போன்ற பரம்பரை நோய் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றை மரபணுவால் வரும் நோயைக் கிரேடும் காட்டாது, பிஜிடி-ஏவும் காட்டாது. அதற்குத் தனிச் சோதனை, தனி ஆலோசனை. சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆணா பெண்ணா என்று கேட்கவே கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். பெண் சிசுக்களைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்று நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வக வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு மனம் கசந்துவிடுகிறது.

ஆறாம் படி: எத்தனை கரு என்று முடிவெடுங்கள்

"இரண்டாக வைத்துவிடுங்கள், ஒரே செலவில் இரட்டைக் குழந்தை" என்று கேட்பவர்கள் நிறைய. இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்த அழுத்தம் எல்லாம் கூடுகின்றன. காங்கயத்திலிருந்தோ வெள்ளக்கோவிலிலிருந்தோ வந்து பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்த்தால் "ஒரே செலவு" என்ற சொல் நாவில் வராது. நல்ல பிளாஸ்டோசிஸ்ட் இருந்து வயதும் குறைவாக இருந்தால் ஒன்றை வையுங்கள், மற்றதை உறைய வையுங்கள் என்பதே என் கருத்து. வயது கூடியிருந்தாலோ, முந்தைய சுற்றுகள் தோற்றிருந்தாலோ, கிரேடு குறைவாக இருந்தாலோ டாக்டர் இரண்டைப் பற்றிப் பேசலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றை வைத்தாலும் அது தானாகப் பிரிந்து இரட்டையாகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு.

மூன்றாம் நாளிலேயே வைக்கலாம் என்று சொன்னால் அதை மட்டமான வழி என்று எண்ண வேண்டாம். கருக்கள் மிகக் குறைவாக இருக்கும்போது ஐந்தாம் நாள் வரை காத்திருந்தால் வைப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம்.

ஏழாம் படி: கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் (டிரான்ஸ்ஃபர்) நாளில் கேட்க வேண்டியவை

உறைகருக்கள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும். உருக்கியவுடன் சுருங்கித் தெரியும், சில மணி நேரத்தில் மறுபடி விரியத் தொடங்கும். அன்றைக்குத் திரையில் காட்டப்படும் படம் பழைய படம்போல் உருண்டையாக இல்லையே என்று கலங்காதீர்கள். "உருக்கிய பிறகு எத்தனை செல்கள் பிழைத்திருக்கின்றன, விரியத் தொடங்கிவிட்டதா?" என்ற இரண்டே கேள்விகள் போதும். உங்கள் பெயரும் கணவர் பெயரும் சரிபார்க்கப்படும்போது வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

வால்பாறையிலிருந்து வருகிறவர்கள் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கினால் கரு விழுந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். விழாது. வைத்த பிறகு நாள்கணக்கில் படுத்தே கிடப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. வழக்கமான நடை, வழக்கமான சாப்பாடு போதும். டாக்டர் சொல்லும்வரை ஹார்மோன் மாத்திரையையோ ஊசியையோ மட்டும் நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதிக்கு முன் வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டாம். முட்டையை முதிர வைக்கப் போட்ட ஊசியின் மிச்சம் பொய்யாக இரண்டு கோடு காட்டிவிடக்கூடும்.

எட்டாம் படி: ஒட்டாமல் போனால், ஒட்டிய பிறகு மீதி இருந்தால்

4ஏஏ வைத்தும் ஒட்டவில்லை என்றால் "நல்ல கருவைக்கூட உன் உடம்பு ஏற்கவில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை வீட்டுக்குள் விடாதீர்கள். முன்னே சொன்ன குரோமோசோம் கோளாறுதான் முதல் சந்தேகம், அது யாருடைய நடத்தையாலும் வருவதல்ல. மையத்தில் பரிசீலனைக்குப் போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். எத்தனை முட்டைகள் முதிர்ந்திருந்தன, எந்த நாளில் கருக்கள் நின்றன, கர்ப்பப்பையின் உள்வரிச் சுவரின் தடிமன் என்ன, அடுத்த முறை மருந்திலோ ஆய்வகத்திலோ எதை மாற்றுவார்கள் என்று கேளுங்கள். எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அதற்கான காரணத்தையும் கேளுங்கள்.

மீதி உறைகருக்களுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. சட்டப்படி அதிகபட்சம் 10 ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அழியவிடப்படும், அல்லது உங்கள் சம்மதத்துடன் ஆராய்ச்சிக்குத் தரப்படும். வீடு மாறினாலோ போன் எண் மாறினாலோ மையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். புதுப்பிக்கும் தேதியைக் கணவர், மனைவி இருவர் போனிலும் குறித்து வையுங்கள்.